வேற்றுக்கை

விருந்தினர் எழுத்துக்கு இங்கே இடமில்லை என்று என் வலைப்பதிவின் நெற்றியிலேயே எழுதி வைத்திருந்தேன். ஆனாலும் வந்தார்கள். தினமும் காலையில் மின்னஞ்சலைத் திறந்தால் ‘தங்கள் எழுத்தின் தீவிர ரசிகன்’ என்று ஆரம்பிக்கும் கடிதங்கள் வரிசை கட்டி நிற்கும். ஒரு கட்டுரையை இலவசமாக எழுதித் தருவார்களாம், நான் வெளியிட்டால் மட்டும் போதுமாம், நடுவில் மூட்டுவலித் தைலத்துக்கு ஒரே ஒரு சுட்டி இருக்குமாம். எழுதுவதெல்லாம் இயந்திரம். அதற்கு மூட்டும் கிடையாது, வலியும் கிடையாது. நான் படிக்காமலே அழித்துவிடுவேன். அழிக்கக்கூடச் சலிப்பாக இருக்கும் நாட்களில் அப்படியே கிடக்கும்.

சுகன்யாவின் கடிதத்தையும் அப்படித்தான் அழிக்கப் பார்த்தேன். ‘என் கணவர் எழுதிய ஒரு கட்டுரையைத் தங்கள் பக்கத்தில் வெளியிட முடியுமா?’ என்று கேட்டிருந்தார். கடைசி வரியில் கணவரின் பெயரைப் பார்த்ததும் கை நின்றுவிட்டது. பொள்ளாச்சி குமரகுரு.

வலைப்பதிவு எழுதுகிற எங்கள் சிறு கூட்டத்தில் குமரகுருவைத் தெரியாதவர்கள் கிடையாது. அவருடைய பக்கத்தின் பெயர் ‘மறுப்பு’. யார் என்ன எழுதினாலும் மறுத்து எழுதுவார். நான் கத்திரிக்காய்ப் பொரியலைப் பற்றி எழுதினால்கூட மூன்று பத்திக்கு மறுப்பு வரும். பத்து வருடமாக நேரில் பார்க்காமலே சண்டை போட்டோம். பிறகு ஒருநாள் அவர் பக்கம் மூடிக் கிடந்தது. ‘இயந்திர எழுத்து கண்டறியப்பட்டதால் நீக்கப்பட்டது’ என்று ஒரு சாம்பல் நிறப் பட்டை மட்டும் இருந்தது. இவ்வளவு வீராப்பு பேசின ஆள் கடைசியில் இயந்திரத்தை வைத்தா எழுதினார் என்று எல்லோரும் சொன்னார்கள். அவரும் பதில் சொல்லவில்லை. அவர் பதில் சொல்லாமல் இருப்பது அதுவே முதல் தடவை.

கட்டுரையை அனுப்ப வேண்டாம், நேரில் வாருங்கள் என்று சுகன்யாவுக்கு எழுதினேன். கோயம்புத்தூருக்கு வைத்தியத்துக்கு வந்த நாளில் இருவரும் என் வீட்டுக்கு வந்தார்கள். கையில் தடியோடு, வாய் ஒரு பக்கம் லேசாக இழுத்துக்கொண்டு, சட்டையை அழகாகத் தேய்த்துப் போட்டுக்கொண்டு ஒருவர் வாசலில் நின்றார். நான் மனதில் வைத்திருந்த ஆள் இவரைவிட ஓர் அடி உயரமானவர்.

“வாங்க, வாங்க. லிஃப்ட் வேலை செஞ்சுதுங்களா?”

“செஞ்சுதுங்கக்கா,” என்றார் சுகன்யா. குமரகுரு என்னைப் பார்த்துக் கும்பிட்டார். பிறகு ஒவ்வொரு சொல்லாகத் தேடி எடுத்துப் பேசினார்.

“நீங்க... விருந்தாளி... எழுத்து... வேண்டாம்னு... நான்தான்... முதல்ல...”

எனக்கு ஞாபகம் வந்தது. முன்பு ஒரு காலத்தில் நான் தோழிகளின் எழுத்தையும் என் பக்கத்தில் போட்டுக்கொண்டிருந்தேன். அது சோம்பேறித்தனம் என்று என்னைக் கிழி கிழியென்று கிழித்தவர் இவர். அதைத்தான் சொல்லவருகிறார் என்று புரிந்ததும் இருவரும் சிரித்தோம். அவருக்குப் பாதி முகம் சிரித்தது.

சுகன்யா விஷயத்தைச் சொன்னார். “ரெண்டு வருசத்துக்கு முன்னால பக்கவாதம் வந்துதுங்கக்கா. பேச்சு சுத்தமாப் போயிருச்சு. எழுத்தும்தான். ஆறேழு மாசம் கழிச்சு இவரா உக்காந்து நாலு வரி எழுதினாரு. சந்தோசத்துல ‘மறுப்பு’ல போட்டேன். அன்னிக்குச் சாயங்காலமே மூடிட்டாங்க. இது உங்க வீட்டுக்காரர் கை இல்லைன்னாங்க. பின்ன யாரு கைன்னு கேட்டேன். இயந்திரம்னு பதில் வந்துது.”

“டாக்டர் சர்ட்டிபிகேட் குடுக்கலையா?”

“குடுத்தோமுங்க. அது உடம்புக்குத்தான் செல்லும், கைக்குச் செல்லாதுன்னு சொல்லிட்டாங்க.”

‘கை’ என்று நாங்கள் சொல்வது எழுத்தின் சாயலை. இயந்திரங்கள் எழுதிக் குவிக்க ஆரம்பித்து, எது மனிதர் எழுதியது என்று யாருக்கும் தெரியாமல் போன பிறகு, எழுத்துச் சான்றகம் என்று ஒன்று வந்தது. நம் பழைய பதிவுகளை எல்லாம் படித்து, ஒருவர் எப்படி வாக்கியத்தைத் தொடங்குவார், எங்கே மூச்சு விடுவார் என்று பதிந்துகொண்டு, அதற்கு ‘ஒருகை முத்திரை’ கொடுப்பார்கள். முத்திரை உள்ள பக்கம் தேடினால் கிடைக்கும். இல்லாத பக்கம் இயந்திரக் குப்பையோடு குப்பையாக மூழ்கிவிடும். யார் கண்ணிலும் படாது.

“இவரு கள்ளத்தனம் பண்ணினாருன்னே எல்லாரும் நினைக்கறாங்கக்கா. இவரோட தம்பிகூட, ஏண்ணா இப்படிப் பண்ணினேன்னு கேட்டாரு. ஒரே ஒரு கட்டுரைதான். நடந்ததை எழுதியிருக்காரு. முத்திரை இருக்கற பக்கத்துல வந்தா நாலு பேரு நம்புவாங்க.”

கட்டுரையை வாங்கிக்கொண்டு, படித்துவிட்டுச் சொல்கிறேன் என்று அனுப்பிவைத்தேன். மனதில் முடியாது என்று முடிவு செய்துவிட்டேன். என் பக்கத்தின் பெயர் ‘மிச்சம் மீதி’. தலைப்புக்குக் கீழே சசிரேகா என்று என் பெயர். ஆலை அலுவலகத்தில் வேலை பார்த்த காலத்தில் ஆரம்பித்தது. மதியச் சாப்பாட்டு நேரத்தில் எழுதுவேன். இப்போது வேலையும் இல்லை, வீட்டுக்காரரும் இல்லை. ஐம்பது அறுபது பேர் தவறாமல் படிக்கிறார்கள். அவர்களில் பாதிப் பேரின் முகம்கூட எனக்குத் தெரியாது. நான் இரண்டு நாள் எழுதாவிட்டால் உடம்புக்கு என்ன என்று கேட்பவர்கள் அவர்கள் மட்டும்தான். பக்கம் மூழ்கினால் நானும் மூழ்கின மாதிரி. ஒருவர் பெயரைக் காப்பாற்ற அதைக் கொடுக்க வேண்டுமா? எனக்கு அவ்வளவு தாராள மனசு கிடையாது.

கட்டுரை இப்படி ஆரம்பித்தது.

‘எனக்குக் கரண்டியின் பெயர் போய்விட்டது. கையில் வைத்திருந்தேன். பெயர் வரவில்லை. ஒரு வருடம் கழித்துக் கரண்டி திரும்பி வந்தது. அதற்குள் என் பெயர் போய்விட்டது. அதை எடுத்தவர்கள் நான் இயந்திரம் என்றார்கள். இயந்திரத்துக்கு வாய் கோணுமா?’

நன்றாக இருந்தது. அதுதான் தொந்தரவு. சுமாராக இருந்திருந்தால் மரியாதையாக இரண்டு வரி எழுதித் திருப்பி அனுப்பியிருப்பேன்.

இந்த இடத்தில் எங்கள் கூட்டத்தின் ஒரு பழக்கத்தைச் சொல்ல வேண்டும். முத்திரை வந்த நாளிலிருந்து, எதையும் வெளியிடுவதற்கு முன்னால் ‘ஒத்திகை’ பார்ப்போம். சான்றகமே கொடுத்த ஒரு பெட்டி. எழுதியதை அதில் போட்டால், நம் பதிந்த கையோடு ஒத்துவராத வாக்கியங்களை மஞ்சளாகக் காட்டும். மஞ்சளைத் திருத்துவோம். மறுபடி போடுவோம். என் பழைய வாக்கியங்கள் குட்டையானவை, சாப்பாட்டு நேரம் முடிவதற்குள் எழுதியவை. இப்போது நேரம் கொட்டிக் கிடக்கிறது. வாக்கியம் அது பாட்டுக்கு நீள்கிறது. ஒத்திகை ஒத்துக்கொள்ளாது. வெட்டி வெட்டிப் பழைய சசிரேகா மாதிரி ஆக்கிவிட்டுத்தான் வெளியிடுவேன். ஒரு பதிவு எழுத ஒரு மணி நேரம், அதை நான் எழுதின மாதிரி மாற்ற மூன்று மணி நேரம். என் எழுத்தை நானே காப்பி அடித்துக்கொண்டிருந்தேன், அதற்கும் தினமும் கஷ்டப்பட்டேன்.

பழக்க தோஷத்தில் குமரகுருவின் கட்டுரையையும் எடுத்து ஒத்திகையில் போட்டேன். முழுக்க மஞ்சளாக வரும் என்று நினைத்தேன்.

ஒரு வரிகூட மஞ்சளாகவில்லை. ‘உங்கள் கை. ஐயமில்லை’ என்று வந்தது.

எனக்கு முதலில் வந்தது ஆச்சரியம் அல்ல, பொறாமை. எனக்கு இந்தப் பாராட்டு கிடைத்துப் பல வருடம் ஆகிவிட்டது. உடனே சுகன்யாவைத் தொலைபேசியில் கூப்பிட்டேன்.

“ஏனுங்க, இவரு எழுத்து திரும்பி வர்றதுக்கு என்ன பயிற்சி குடுத்தீங்க?”

“தினமும் சத்தமாப் படிக்கச் சொன்னாங்கக்கா. இவரு எழுதின பழசைத்தான் முதல்ல குடுத்தேன். ஒண்ணரைப் பக்கத்துக்கு ஒரு வாக்கியம், அதுல பத்து ‘ஆனால்’, இருபது ‘எனினும்’. படிக்க முடியாம அழுதுட்டாரு. அப்புறம் உங்க பக்கத்தை எடுத்துக் குடுத்தேன். சின்னச் சின்ன வாக்கியம், புழங்கற சொல்லு. காலைல ஒண்ணு, ராத்திரி ஒண்ணுன்னு முதல்ல இருந்து எல்லாத்தையும் படிச்சு முடிச்சுட்டாரு. கத்திரிக்காய்ப் பொரியலை மட்டும் முப்பது தடவை படிச்சிருப்பாருங்க.”

பத்து வருடம் என்னை மறுத்தவர், என்னை வைத்துத்தான் பேச்சுக் கற்றிருக்கிறார். எனக்கு நெகிழ்வாக இருந்தது. எரிச்சலும் வந்தது. என் பழைய வாக்கியங்கள் என்னிடம் இருப்பதைவிட அவரிடம் நன்றாக இருந்தன.

எங்கள் அடுக்ககத்தில் மூன்றாவது மாடியில் இருக்கும் நஸ்ரின் சான்றகத்தில் வேலை பார்க்கிறாள். ஞாயிற்றுக்கிழமை அவளைப் பிடித்து உட்காரவைத்துக் கேட்டேன்.

“இது ரொம்ப ஈஸி, ஆன்ட்டி,” என்றாள். “உங்க பேர்லயே போடுங்க. கை ஒத்துப் போகுது. யாருக்கும் தெரியாது. எங்களுக்கே தெரியாது.”

“அவர் பேரைப் போட்டா?”

“ரெண்டாவது பேர் வந்தா பக்கம் ஆய்வுக்குப் போகும். ஒத்திகையைவிட நுணுக்கமா, வேற்றுக்கை இருக்கான்னு துருவிப் பார்க்கும். இருந்தா முத்திரையை ரத்து பண்ணிடும். ஒரு பத்தி, ரெண்டு பத்தின்னா கொசுறுன்னு அதை மட்டும் வெட்டிட்டு விட்டுடும். முழுக் கட்டுரைன்னா விடாது.”

“அப்ப பொய் சொன்னா முத்திரை இருக்கும். உண்மையைச் சொன்னா போயிரும்.”

“ஆன்ட்டி, நாங்க பேரை நம்பறதில்ல. பேர் யார் வேணா போட்டுக்கலாம், திருடலாம். அதனாலதான் கையைப் பார்க்கறோம். எங்களுக்குக் கைதான் ஆள்.”

“கை மாறுனா?”

நஸ்ரின் தேநீர்க் கோப்பையைக் கீழே வைத்தாள். “மாறாதுன்னுதான் எங்களுக்குச் சொல்லிக் குடுத்திருக்காங்க,” என்றாள். மாறியவர்கள் என்ன ஆவார்கள் என்று கேட்டேன். அப்படி ஒரு புகார்ப் பிரிவு இருப்பதாகவும், அதில் ஆள் போடவில்லை என்றும் சொன்னாள். அவள் மேல் கோபித்து என்ன பயன்? பாவம், அவளுக்கும் வேலை வேண்டும்.

மறுபடி சுகன்யாவைக் கூப்பிட்டு, நஸ்ரின் சொன்னதை அப்படியே சொன்னேன். என் பெயரில் போட்டால் ஒரு சிக்கலும் இல்லை என்றேன்.

“போடுங்கக்கா,” என்றார் அவர் உடனே. “உங்க பேருலயே போடுங்க. அவரு எழுதினது வெளிய வந்தாப் போதும். உங்களுக்கு எதுக்குங்க வம்பு?”

பின்னால் குமரகுருவின் குரல் கேட்டது. ஒரே சொல். “பேரு.”

“சும்மா இருங்க. அக்கா இவ்வளவு செய்யறாங்கள்ல?”

“பேரு... வேணும்.”

எனக்குச் சுள்ளென்று கோபம் வந்தது. “சார், உங்க பேரைப் போட்டா என் பக்கம் போயிரும். அது புரியுதுங்களா?” என்று கேட்டுவிட்டேன். மறுமுனையில் நெடுநேரம் சத்தமே இல்லை. அவர் சொல் தேடுகிறாரா, மனம் நொந்துவிட்டாரா என்று தெரியவில்லை.

“புரியுது,” என்றார் கடைசியில். “அப்ப... வேண்டாம்.”

அவ்வளவுதான். பழைய குமரகுருவாக இருந்தால் மூன்று பத்தி வந்திருக்கும், நானும் நாலு பத்தி பதில் எழுதி, மனசாட்சியைத் தூங்கவைத்திருப்பேன். இந்த ஒரு சொல்லுக்கு என்ன பதில் எழுதுவது?

இரண்டு நாள் சும்மா இருந்தேன். மூன்றாம் நாள், சரி, என் பெயரிலேயே போட்டுவிடுவோம், பிறகு அவரைச் சமாதானப்படுத்திக்கொள்ளலாம் என்று உட்கார்ந்தேன். கட்டுரையை ஏற்றினேன். கடைசியில் ‘இயந்திரத்துக்கு வாய் கோணுமா, எனக்குக் கோணியது’ என்ற வரிக்குக் கீழே ‘சசிரேகா’ என்று தானாக வந்து உட்கார்ந்தது. என் வாய் நேராகத்தான் இருக்கிறது. அந்தப் பெயரைப் பார்க்கப் பார்க்க அருவருப்பாக இருந்தது. அவரிடமிருந்து ஏற்கெனவே ஒருமுறை பெயரை எடுத்திருக்கிறார்கள். இரண்டாவது முறை எடுப்பவள் நானாக இருக்க வேண்டாம்.

என் பெயரை அழித்துவிட்டுக் குமரகுரு என்று போட்டேன். மேலே ஒரு முன்குறிப்பு எழுதினேன். எனக்கு மிகவும் அலுப்பாக இருந்தது. எப்படியும் பக்கம் போகப்போகிறது, இனி எதற்கு ஒத்திகை? வந்தபடி எழுதினேன்:

‘கீழே இருப்பதை எழுதியவர் நானல்ல, நீங்கள் எல்லோரும் கள்ளன் என்று நினைத்துக்கொண்டிருக்கிற, நானும் அப்படி நினைக்காமல் இருந்தேன் என்று சொல்ல முடியாத, பொள்ளாச்சி குமரகுருதான், அவர் உட்கார்ந்து ஒவ்வொரு சொல்லாகப் பொறுக்கி எழுதியதை அவர் மனைவி பார்த்திருக்கிறார், அவர் பேசுவதை நான் என் வீட்டுக் கூடத்தில் கேட்டிருக்கிறேன், இதற்குமேல் சான்று வேண்டும் என்றால் பொள்ளாச்சிக்குப் போய் அவரிடமே கேட்டுக்கொள்ளுங்கள், பொறுமை மட்டும் வேண்டும். சசிரேகா.’

வெளியிட்டுவிட்டுப் படுத்தேன்.

காலையில் சான்றகத்தின் அறிவிப்பு வந்திருந்தது. கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடி படித்தேன். ‘பக்கம் ஆய்வு செய்யப்பட்டது. வேற்றுக்கை: ஒரு பத்தி. நீக்கப்பட்டது. உரிமையாளரின் பெயர் மாற்றம் பதிவு செய்யப்பட்டது. முத்திரை தொடர்கிறது.’

பக்கத்தைத் திறந்தேன். குமரகுருவின் கட்டுரை ஓர் எழுத்தும் குறையாமல், முத்திரையோடு, அவர் பெயரோடு இருந்தது. என் முன்குறிப்பைக் காணோம். உச்சியில் ‘மிச்சம் மீதி’ என்ற தலைப்புக்குக் கீழே, இத்தனை வருடம் என் பெயர் இருந்த இடத்தில், குமரகுரு என்று இருந்தது. பதிவு எழுதும் பகுதிக்குள் போக முயன்றேன். கதவு திறக்கவில்லை.

அலுவலகத்துக்குக் கிளம்பிக்கொண்டிருந்த நஸ்ரினைக் கூப்பிட்டேன். அவள் பையிலிருந்து கணினியை எடுத்துப் பார்த்தாள்.

“ஆன்ட்டி, கை உங்க பதிஞ்ச கை. அந்தக் கை இப்ப தன் பேரைக் குமரகுருன்னு சொல்லுது. அதனால நீங்க பேர் மாத்திக்கிட்டீங்கன்னு எடுத்துக்கிச்சு. பக்கத்தோட சாவியும் அந்தப் பேர்ல பதிஞ்சிருக்கற மின்னஞ்சலுக்குப் போயிருச்சு. அந்த முன்குறிப்பு... அதுதான் யாரோ வெளியாள் எழுதினதுன்னு வெட்டிடுச்சு.”

“அதை எழுதினது நான்.”

“தெரியுது, ஆன்ட்டி. அப்பீல் பண்ணலாம். உங்க கையைக் குடுத்து நிரூபிக்கணும்.”

“இப்ப இருக்கற கையா, பழைய கையா?”

“பழையதுதான்.”

“அது பொள்ளாச்சில இருக்கு,” என்றேன்.

நஸ்ரின் சிரிக்கவில்லை. எனக்குத்தான் சிரிப்பு வந்தது. சிரித்து முடித்ததும் அழுகை வந்தது. பயந்தது நடந்திருந்தால்கூட, பக்கம் போயிற்று என்று ஒரு வழியாக மனதைத் தேற்றியிருப்பேன். பக்கம் அப்படியே நன்றாக இருக்கிறது, நான்தான் அதில் இல்லை. பின்னூட்டத்தில் என் வாசகர்கள் அவரைக் கொண்டாடிக்கொண்டிருந்தார்கள். ஒருவர் மன்னிப்புக் கேட்டிருந்தார். இன்னொருவர், ‘உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள் சார்’ என்று எழுதியிருந்தார். ஒருவர் மட்டும், சசிரேகா மேடம் எங்கே என்று கேட்டிருந்தார். அந்த ஒருவர் நன்றாக இருக்கட்டும்.

மத்தியானம் சுகன்யா கூப்பிட்டார். “அக்கா, தம்பி வந்து காலைத் தொட்டு அழுதுட்டாருங்க. ஆனா உங்க பேரைக் காணோமே, என்னங்க ஆச்சு? இவருக்கு என்னமோ சாவின்னு ஒண்ணு வந்திருக்கு.”

நடந்ததைச் சொன்னேன். தொலைபேசி கை மாறியது. குமரகுருவின் மூச்சுச் சத்தம் கேட்டது.

“சாவி... உங்களுக்கு...”

“அது எனக்குச் செல்லாதுங்க சார். நான் ஒரு வாக்கியம் எழுதினாலும் வெளியாள்னு பிடிச்சுக்கும். பக்கம் இப்ப உங்களது. நல்லபடியா எழுதுங்க.”

“நீங்க... எழுதுங்க.”

“நான் எழுதினா விருந்தாளி எழுத்து. முழுசா எழுதினா முத்திரை போயிரும். பேரு திரும்ப வந்த மறுநாளே போகணுமா?”

அவர் யோசித்தார். சுகன்யா சொல் எடுத்துக் கொடுக்கவில்லை. நானும் காத்திருந்தேன்.

“வந்துருச்சு. எல்லாரும்... பாத்தாச்சு,” என்றார். பிறகு, இன்னும் மெதுவாக, “நீளமா... எழுதுங்க. நான்... திருத்த மாட்டேன்.”

அன்று நான் எதுவும் எழுதவில்லை. களைப்பாக இருந்தது, படுத்துவிட்டேன். அடுத்த வாரம் உட்கார்ந்து இதை எழுதி, கீழே என் பெயரைப் போட்டு, அவருக்கு அனுப்பினேன். இது அவருடைய பக்கம். நீங்கள் இதைப் படிக்கிறீர்கள் என்றால், முத்திரை போன ஒரு பக்கத்தை நீங்களாகத் தேடி வந்திருக்கிறீர்கள். எத்தனை பேர் வந்தீர்கள் என்று எங்கள் இருவருக்கும் தெரியாது.